கல் பாடும் ஊர்களுக்கு ஒரு பைக் பயணம்

மதுரையிலிருந்து நெல்லை வழியாகச் சுசீந்திரம் வரை, இசைத்தூண்களின் ஓசையைக் கேட்கப் புறப்பட்ட மாமாவும் மருமகனும் வழியில் தெரிந்துகொண்டது காதின் அருமையை!

விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மதுரை பழங்காநத்தத்தில் ஒரு வீட்டு வாசலில் புல்லட் கிளம்பத் தயாராக நின்றது. ஓட்டப்போகிற மருமகனுக்கு வயது 23. பின்னால் உட்காரப்போகிற தாய்மாமாவுக்கு 63. மறுநாள் காலை நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது என்று ஆனி கடைசியில் அவசரமாக வைத்த கல்யாணம்.

"எல்லாரும் வேன்ல போறோம். நீங்க ரெண்டு பேரும் மட்டும் எதுக்குக் காத்துலயும் வெயில்லயும் காயணும்?" என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். மாமாவிடம் அதற்குப் பதில் இருந்தது.

"மதுரை, திருநெல்வேலி, சுசீந்திரம் மூணு கோயில்லயும் கல்தூண் பாடும்னு சொல்வாங்க. காது நல்லா இருந்தப்ப நம்ம மீனாட்சி கோயில் தூண மட்டும் கேட்டிருக்கேன். மத்த ரெண்டையும் இவன் கேட்டு எனக்குச் சொல்லட்டும்."

பைக்கில் வர மாமா இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். முதலாவது, சைலன்சர். ஆறு மாதத்துக்கு முன் மருமகன் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் கேட்கிற மாதிரி வேறொன்றை மாட்டியிருந்தான். "பழச மாட்டு, வர்றேன்" என்றார் மாமா. மாட்டியாகிவிட்டது.

இரண்டாவது நிபந்தனையைக் கிளம்பும்போதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மஞ்சள் நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு நான்கு ஃபோம் இயர்ப்ளக்குகள்.

"இத ரெண்டு காதுலயும் வச்சுக்கிட்டு ஓட்டு மாப்ள."

"காத அடைச்சுக்கிட்டு ஹைவேல எப்படி மாமா ஓட்டுறது? பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சா கேக்க வேணாமா?"

மாமா வற்புறுத்தவில்லை. "சரி, திருநெல்வேலி வரைக்கும் உன் இஷ்டம். அதுக்கப்புறம் என் இஷ்டம்" என்றார். ஹெல்மெட்டுக்குள் 'கீச்' என்று கத்தும் என்பதால் தன் காது மெஷினைக் கழற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். பிறகு, தன் காதுகளில் ஃபோமைச் செருகிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார். கேட்காத காதுக்கு அடைப்பு எதற்கு என்று மருமகனுக்குச் சிரிப்பு வந்தது.

மில்லில் தொலைந்த ஓசை

மாமா மதுரையில் ஒரு மில்லில் 30 வருடம் தறிகளுக்கு நடுவே நின்றவர். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வெகுநேரம் காதில் 'கொய்ங்' என்று ஒரு ரீங்காரம் இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிலர் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? ஆனால், வெறும் பஞ்சு இரைச்சலைப் பெரிதாகத் தடுக்காது என்பது அன்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் திடீரென்று காது அடைத்துப்போகவில்லை. அப்படி நடந்திருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பார். முதலில் காணாமல் போனவை மெல்லிய, கீச்சான ஓசைகள். பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் 'ஸ்ஸ்' சத்தம். கொலுசுச் சத்தம். அப்புறம் பெண்கள், குழந்தைகளின் பேச்சு. ஆண்கள் பேசினால் கேட்கும், ஆனால், 'கடை' என்றார்களா 'தடை' என்றார்களா என்று புரியாது. "சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல" என்று அவர் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். இப்போது பேத்தி காதோடு சொல்கிற ரகசியம் அவருக்கு வெறும் மூச்சுக்காற்றாகத்தான் வருகிறது.

காது, மூக்கு, தொண்டை டாக்டர் எடுத்த ஆடியோகிராமில் கோடு ஓரளவு நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் கெட்ட காதில் பெரும்பாலும் பள்ளம் முதலில் அங்கேதான் விழும்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஓசை வந்தால் அவை புல்வெளி மாதிரி அசையும். அந்த அசைவுதான் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. புல்வெளியில் ஒருநாள் நடந்தால் புல் மடங்கி மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் அதே இடத்தில் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அங்கே புல் முளைக்காது. கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் இந்தச் செல்கள் அழிந்தாலும் மறுபடி முளைக்கும் என்று 1980-களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சாத்தூருக்கு முன்பே தீரும் கணக்கு

திருமங்கலம் தாண்டியதும் நான்குவழிச் சாலை காலியாகக் கிடந்தது. கிழக்கே வெளுத்திருந்தது. மருமகன் வண்டியை 80-ல் வைத்தான். சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் மண் விரிந்தது. ஹெல்மெட்டுக்குள் 'ஹோ'வென்று இரைந்தது.

பைக் இரைச்சல் என்றாலே எஞ்சினும் சைலன்சரும்தான் நினைவுக்கு வரும். அதிலும் புல்லட் என்றால் கேட்கவே வேண்டாம். 1955-ல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேர்விட்ட வண்டி அது. அந்த 'டப் டப்' தாளத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அந்தத் தாளம்தான் மேலே நிற்கும். வேகம் 60-ஐத் தாண்டினால் கதை மாறிவிடும். சைலன்சர் சத்தம் பின்னால் தங்கிவிடும். ஓட்டுகிறவர் காதில் விழுவது பெரும்பாலும் காற்றின் இரைச்சல்தான்.

காற்று ஹெல்மெட்டில் மோதிச் சுழல்கிறது. தாடைக்குக் கீழே, கழுத்தை ஒட்டிய இடைவெளியில் அந்தச் சுழல் இரைச்சலாக மாறுகிறது. ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றச் செய்யப்பட்டது. காதைக் காப்பாற்ற அல்ல. கீச்சான சத்தத்தை அது கொஞ்சம் குறைக்கும். காற்றின் கனத்த இரைச்சல் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

ஹெல்மெட்டுக்குள் மைக் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 90 டெசிபல். 160 கிலோமீட்டரில் சுமார் 110. ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். நம் ஊர் பைக்குகள் ஹைவேயில் ஓடும் 80-ல் தோராயமாக 95 என்று வைத்துக்கொள்ளலாம்.

95 என்றால் எவ்வளவு? வேலை இடங்களுக்கு நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம். 100-ஐத் தொட்டால் 15 நிமிடம்தான்.

இந்தக் கணக்கை இந்தச் சாலையில் வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். 80-ல் போகிறவருக்கு முக்கால் மணி நேரம். அதாவது விருதுநகரைத் தாண்டி, சாத்தூர் வருவதற்கு முன்பே அன்றைய காதுக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. 100-ல் பறக்கிறவருக்குத் திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துவிடும். கன்னியாகுமரிக்கு அங்கிருந்து இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்!

ஒருநாள் சுற்றுலாவால் காது போய்விடாது. ஆனால், தினமும் ஹைவேயில் வேலைக்குப் போய் வருகிறவர், மருந்துப் பையோடு ஊர் ஊராகச் சுற்றும் ரெப், பார்சல் கொண்டுபோகும் பையன், வாரம் தவறாமல் நெடும்பயணம் போகும் இளைஞர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

சாத்தூரில் டீயும் காரச்சேவும் ஆயின. கோவில்பட்டியில் கல்யாண வீட்டுக்கென்று கடலை மிட்டாய் வாங்கினார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். கடைக்காரப் பெண் விலை சொன்னதும் மருமகன், "எவ்வளவுக்கா?" என்று இரண்டாம் முறை கேட்டான். மாமா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நெல்லையப்பர் கோயிலில்

கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறைக் கடந்து, தாமிரபரணிப் பாலத்துக்கு வந்தபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. வண்டியைக் கோயில் பக்கத்தில் நிறுத்தி, கை கால் கழுவி உள்ளே போனார்கள்.

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் இருக்கின்றன அந்தத் தூண்கள். ஒரே கல்லில் நடுவே பெரிய தூண், அதைச் சுற்றி 48 சிறு தூண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். கனத்துக்கும் உயரத்துக்கும் தக்கபடி ஒவ்வொன்றிலும் ஓசை மாறும். கருங்கல்லை எங்கே எவ்வளவு குடைந்தால் எந்த ஓசை வரும் என்று காதாலேயே கணித்துச் செதுக்கியிருக்கிறார்கள் அந்தச் சிற்பிகள். இஷ்டத்துக்கு ஆளாளுக்குத் தட்டினால் கல் சேதமாகும் என்பதால் இந்தத் தூண்களை நாமாகத் தட்டக் கூடாது. அங்கே நின்ற பெரியவர் ஒருவர், மாமா ஆசையாகக் கேட்டதால், விரல் நுனியால் ஒரு சிறு தூணை மெதுவாகச் சுண்டிக் காட்டினார்.

"எப்படி இருக்கு மாப்ள?"

மருமகன் குனிந்து காதைத் தூண் பக்கம் கொண்டுபோனான். கல்லில் விரல் படும் 'டொக்' கேட்டது. அதற்குப் பின்னால் வர வேண்டிய நாதம் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், காதுக்குள்ளேயே மெல்லிசாக, விடாமல் 'கொய்ங்' என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற ஒரு சின்னப் பெண், "அம்மா, மணி மாதிரி கேக்குது!" என்று குதித்தாள்.

"நல்லா இருக்கு மாமா" என்றான். பொய் சொல்கிறான் என்று தெரிய மாமாவுக்குக் காது தேவைப்படவில்லை. முப்பது வருடம் உதட்டையும் முகத்தையும் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர் அவர்.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்: "உள்ள ரீங்காரம் ஓடுதா? யாரோ கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கா?"

மருமகன் தலையாட்டினான்.

"பயப்படாத. இன்னைக்கோ நாளைக்கோ போயிரும். எனக்கும் அப்படித்தான் போச்சு. பல வருஷம் தினமும் போய்ப் போய்த் திரும்பி வந்துச்சு. அப்புறம் ஒருநாள் போகவே இல்ல."

ஹாரன் கேட்குமா?

வெளியே வந்ததும் மாமா டப்பாவைத் திறந்தார். இந்த முறை மருமகன் கையை நீட்டினான்.

ஃபோமைக் காதில் வைப்பதில் ஒரு பழக்கம் இருக்கிறது. சும்மா வாசலில் செருகினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. முதலில் கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஃபோமை விரல்களுக்கு நடுவே வைத்து, மடிப்பு விழாமல், ஊதுவத்திக் குச்சி போல மெலிசாக உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுக்குழாய் நேராகும். அப்போது உருட்டியதை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்துவிட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்கும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

அழுக்கான ஃபோமை மறுபடி வைக்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பிலும் பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் ஒரு ஜோடி மலிவாகவே கிடைக்கிறது. காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் காதுக்குள் விடக் கூடாது.

காலையில் மருமகன் கேட்ட கேள்விக்குப் பதில் வண்ணார்பேட்டை தாண்டியதும் கிடைத்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. வழிவிட்டான். காரணம் எளிது. ஃபோம் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. காற்றின் இரைச்சலும் குறைகிறது, ஹாரனும் குறைகிறது. ஆனால், காற்றிரைச்சலை மீறிக் கேட்கும்படி இருந்த ஹாரன் இப்போதும் அதை மீறியே நிற்கிறது. இரண்டு ரேடியோவும் ஒரே அளவு குறைக்கப்பட்ட மாதிரி. வேகமாகப் போகும் பந்தய ஓட்டிகள் காதில் அடைப்பு வைத்துக்கொண்டே ஓட்டுவதும் இதனால்தான். பாட்டுக் கேட்கும் இயர்போன் வேறு சங்கதி. அது காற்றிரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றவைக்கும். கவனத்தையும் திருப்பிவிடும்.

ஃபோம் வைத்ததால் கண்ணாடி பார்க்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல்முறை வைக்கும்போது எல்லாமே தூரத்தில் கேட்பது போலத் தோன்றும். பழக்கமான சாலையில், மிதமான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஹெல்மெட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், தலையில் ஆடாமல் இறுக்கமாக உட்கார்வது, வைசர் மூடியிருப்பது, தாடைக்குக் கீழே இடைவெளி குறைவது எல்லாமே இரைச்சலைக் குறைக்கும். கழுத்தில் சுற்றிய மெல்லிய துணிகூட உதவும். ஆனால், துணியின் நுனி பறக்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும். விண்ட்ஷீல்டு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதன் விளிம்பில் எழும் சுழல் நேராக ஹெல்மெட்டில் மோதினால் இரைச்சல் முன்பைவிடக் கூடும். இதில் எதுவும் காதடைப்புக்கு மாற்று இல்லை.

குழந்தைகளை டேங்க் மேல் உட்காரவைத்து, காற்று முகத்தில் அறைய 70-ல் போகிற அப்பாக்களை இந்தச் சாலையில் எங்கும் பார்க்கலாம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. உயிருக்காக வந்த விதி. வேகம் குறைந்தால் அந்தப் பிஞ்சுக் காதுக்கும் நல்லதுதான்.

முப்பந்தலில் எஞ்சினை நிறுத்தினால்

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடிவந்தது. காவல்கிணற்றில் கன்னியாகுமரி சாலையை விட்டு, நாகர்கோவில் சாலையில் திரும்பியதும் வண்டி தள்ளாடியது. மருமகன் ஆக்ஸிலேட்டரைக் குறைத்தான். ஸ்பீடாமீட்டர் 60 காட்டியது. ஹெல்மெட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளுகிற மாதிரி இருந்தது.

மலைத்தொடர் தெற்கே முடியப்போகும் இடத்தில் ஒரு கணவாய். அதுதான் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாயும். அதனால்தான் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று முப்பந்தலைச் சுற்றி நிற்கிறது. வயலுக்கு நடுவே, தென்னைக்குப் பின்னால், மலையடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் வெள்ளை இறக்கைகள்.

மதுரைப் பக்கமிருந்து வருகிறவருக்கு அது எதிர்க்காற்று. இங்கேதான் ஸ்பீடாமீட்டர் ஏமாற்றும். வண்டி 60-ல் போகிறது, எதிரே 40-ல் காற்று வருகிறது என்றால், ஹெல்மெட்டில் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. காதுக்கு ஸ்பீடாமீட்டர் தெரியாது. காற்று மட்டும்தான் தெரியும்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். மருமகனும் ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றி, காதிலிருந்த ஃபோமைத் திருகி எடுத்தான். இரைச்சல் நிற்கவில்லை. எஞ்சின் ஓடவில்லை. சாலையில் அந்த நேரம் லாரியும் இல்லை. இருந்தாலும் காதில் அதே 'ஹோ'.

அவன் புல்லட்டைப் பார்த்தான். அப்புறம் காற்றாலைகளைப் பார்த்தான்.

"இத்தனை நாளும் வண்டிச் சத்தம்னு நெனச்சேன் மாமா."

மாமா காது மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார். காற்று அதற்குள்ளும் புகுந்து கத்தியது. "சில்லறை இருக்கா?" என்று கேட்டு, வாங்கி உண்டியலில் போட்டார்.

ஊருக்குள் அடங்கிய புல்லட்

தோவாளை பூச்சந்தை காலை வியாபாரம் முடிந்து ஓய்ந்திருந்தது. நாகர்கோவிலுக்குள் நுழைந்ததும் வேகம் 20-க்கு இறங்கியது. இங்கே காற்று இல்லை. ஹாரன்கள் இருந்தன. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு பைக் 'பட பட'வென்று வெடித்தபடி போனது. வாசல் பெஞ்சில் கைக்குழந்தையோடு இருந்த பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

ஆறு மாதமாக மருமகனின் வண்டியும் அப்படித்தான் போயிருக்கிறது. ஹைவேயில் காற்று நம் காதைக் கெடுக்கிறது. ஊருக்குள் நம் சைலன்சர் அடுத்தவர் காதைக் கெடுக்கிறது. புது பைக்குகள் சோதனையில் எவ்வளவு சத்தம் போடலாம் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல். கம்பெனி சைலன்சர் அதற்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, ஒலி அளவை மீறும் வண்டியை ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல்முறை 1,000 ரூபாய், அடுத்தமுறை 2,000.

ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கிறது 2000-ம் வருட ஒலி மாசு விதி. அங்கே பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே அதைத் தொட்டுவிடும்.

சுசீந்திரத்தில்

கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, சாயங்காலம் சுசீந்திரத்துக்குப் போனார்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சில கிலோமீட்டர்தான். ஏழு நிலை வெள்ளைக் கோபுரம் தெப்பக்குளத்தில் தலைகீழாகத் தெரிந்தது. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒன்றாக அருளும் தாணுமாலயன் கோயில். சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். 18 அடி உயர ஆஞ்சநேயரைக் கும்பிட்டார்கள்.

அலங்கார மண்டபத்தில் நான்கு இசைத்தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்தது. கூட வந்த கோயில் ஊழியர் முதலில் ஒரு சிறு தூணை மெல்லத் தட்டினார். பிறகு பக்கத்தில் இருந்ததை.

மருமகனுக்குக் காலையில் இருந்த ரீங்காரம் தேய்ந்திருந்தது. கல்லில் விரல் படும் 'டொக்' முதலில் கேட்டது. அதன் பின்னாலேயே, தம்புராக் கம்பியை யாரோ தூரத்து அறையில் மீட்டிவிட்ட மாதிரி ஒரு நாதம் எழுந்து, மண்டபத்தில் கொஞ்சம் நின்று, மெலிந்து கரைந்தது. அடுத்த தூணில் அதுவே ஒரு படி மேலே கேட்டது. மருமகன் மூச்சுவிடாமல் நின்றான்.

"கேக்குதா?"

"கேக்குது மாமா."

"எப்படி இருக்கு, சொல்லு."

அவன் சொல்லப் பார்த்தான். தம்புரா மாதிரி என்றான். இல்லை, வீட்டில் பித்தளைக் குடத்தைச் சுண்டினால் வருமே அது மாதிரி, ஆனால், அதைவிட மெல்லிசு என்றான். பாதியில் நிறுத்திவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துத் தூணில் வைத்தான். ஊழியர் இன்னொரு முறை தட்டினார். மாமாவின் உள்ளங்கைக்குள் கல் மெல்ல அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாதம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கல்யாணச் சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரம். வேன் முன்னால் போய்விட்டது. மாமா வெற்றிலையை மென்றபடி வந்தபோது மருமகன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் நின்றான். காதுகளில் ஏற்கெனவே மஞ்சள் நிறம் தெரிந்தது.

"மாமா, மெஷினக் கழட்டி உள்ள வைங்க" என்று சைகை காட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினான்.